அம்சமும் ஜிமிக்கியும் அறுபத்து நான்கு மாடுகளும்

அறுபத்து நான்கு மாடுகளும் ஒரு குதிரையும் முதன்முதலாக எதிரெதிரே நின்ற அன்று, பயந்து ஓடியது குதிரைதான்.

மாடுகளுக்கு அது வேடிக்கை. அறுவடை முடிந்த வயலில் நெல்தாள் கடித்துக்கொண்டிருந்தவை தலையைத் தூக்கிப் பார்த்தன. இது என்ன, நம்மைப் போல நாலு கால், ஆனால் முதுகில் ஓர் ஆள் என்று யோசித்ததுபோல ஒன்று முன்னால் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும் காதுகளை முன்னுக்கு நீட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு குதிரையை நோக்கி நடந்தது. குதிரை ஒரு கணம் சிலையாக நின்றது. அடுத்த கணம் திரும்பி, பிடித்த ஓட்டத்தில் இரண்டு வரப்பைத் தாண்டியது. அடுத்து வாய்க்கால் வந்ததும் தாண்ட மனமில்லாமல் சட்டென்று நின்றுவிட்டது. முதுகில் இருந்த சித்தீக் மட்டும் நிற்காமல் போய்ச் சேற்றில் உட்கார்ந்தார்.

அம்சம் கையிலிருந்த கம்பைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்படிச் சிரித்து இரண்டு மாதம் இருக்கும்.

"அடி ஏதும் படலியே பாய்?"

"படல தங்கச்சி." அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துச் சேற்றைத் துடைத்தார். "இருபத்தோரு வருஷம் கத்தாருல குதிரையோடயே கெடந்தேன். ஒரு நாள் விழுந்ததில்ல. நாணற்குடிக்கு வந்துதான் விழணும்னு இருந்திருக்கு."

அம்சத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிற நாணற்குடியில் பிறந்து, அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் அப்பா பெரிய தெருக்காரர்களின் மாடுகளை மேய்த்தவர். அந்தத் தெரு ஆட்களை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார். ஈனும் கன்றில் பங்கு என்று பேசி வாரத்துக்கு வளர்த்த ஒரு பசு ஈன்ற கிடாரிக் கன்று அவர் பங்குக்கு வந்தபோது, அதை மகளின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தார். உம்பளச்சேரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலிலும் காலுறை மாட்டியதுபோல வெள்ளை. அந்த ஒன்று இருபத்தைந்து வருஷத்தில் அறுபத்து நான்காகப் பெருகியிருந்தது. சம்பா அறுவடை முடிந்ததும் ஊர் ஊராக வயல்களில் ராத்திரிக்கு மாடுகளை அடைத்துக் கிடை போடுவாள். சாணமும் மூத்திரமும் விழுந்த மண்ணில் அடுத்த வெள்ளாமை தனியாகத் தெரியும் என்பதால் விவசாயிகள் அவளைத் தேடி வந்து நாள் சொல்லிவிட்டுப் போவார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் கிடை. மகள் தமிழ்நிலா தஞ்சாவூரில் நர்சிங் படிப்பது இந்த மாடுகளால்தான்.

கணவர் பகலவன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். இங்கே அறுப்பு முடிந்தால் விழுப்புரம், அங்கே முடிந்தால் தெலங்கானா என்று நெல் பழுக்கிற திசையெல்லாம் போய்க்கொண்டிருப்பார். அதனால் மாட்டுக் கூட்டத்தின் ஒரு முனையில் அம்சமும் மறுமுனையில் அவள் கொழுந்தன் ரெத்தினமும் என்றுதான் இத்தனை காலம் ஓடியது. அந்தத் தை மாதம் ரெத்தினத்துக்குத் திருப்பூரில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது.

"போகட்டுமா அண்ணி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"போடா. மாட்டுக்கு வாலா இருக்கறதவிட அது மேலு," என்றாள். அவன் பஸ் ஏறின பிறகுதான் கூட்டத்துக்கு இரண்டு முனை இருப்பது அவளுக்கு உறைத்தது.

இதற்கு நடுவில் முழங்கால் வேறு. மன்னார்குடியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தேய்ந்துவிட்டது என்றார்.

"ஓடவே கூடாதும்மா. மேடு பள்ளத்துல ஏறி இறங்கவும் கூடாது."

"சரிங்க டாக்டர். மாட்டுக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மாசி மாதத்தில் டெல்டா வயல் சதுரங்கப் பலகைபோல இருக்கும். ஒரு கட்டம் வெறும் தாள். அடுத்த கட்டம் நெல்லுக்குள்ளேயே தெளித்து, அறுப்புக்குப் பிறகு பச்சென்று எழும்பி நிற்கிற உளுந்து. தாளில் மேய்கிற மாட்டுக்கு உளுந்தின் வாசனை வந்துகொண்டே இருக்கும். அம்சத்தின் கூட்டத்தில் மயிலை என்று சாம்பல் நிறப் பசு ஒன்று உண்டு. ஆள் எந்தப் பக்கம் பார்க்கவில்லையோ அந்தப் பக்கம் நழுவுவது அதன் பிறவிக் குணம். ஒரு நாள் மத்தியானம் அம்சம் கிழக்கே ஓடிய கன்றைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, மயிலை தன்னோடு ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தியாகராசனின் உளுந்தில் இறங்கிவிட்டது. அவள் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஒரு மூலை மொட்டையாகிவிட்டது.

தியாகராசன் பெரிய தெருக்காரர், அறுபது வயது, பேச்சில் பதவிசானவர். அன்று பதவிசாகப் பேசவில்லை. சாயங்காலம் ஊர்க் கூட்டத்தில் சொன்னார்கள்: ஒற்றை ஆளால் இத்தனை மாட்டை மடக்க முடியாது. இன்னொரு தடவை வெள்ளாமையில் இறங்கினால் மாட்டையெல்லாம் கட்டிப்போட வேண்டும். இல்லையென்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுபத்து நான்கு மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி போடுவதென்றால் பாதியை விற்க வேண்டும். எந்தப் பாதி என்று அம்சம் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தாள். ஒரு பெயரில்கூட நாக்கு நிற்கவில்லை.

சித்தீக் வந்து சேர்ந்தது அந்த வாரம்தான். கோரையாற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற சிறிய டவுன்காரர். டிரைவர் வேலை என்று கத்தாருக்குப் போனவரை, குதிரை லாயத்தில் ஆள் குறைகிறது என்று அங்கே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்கள் மறந்துபோனார்கள், இவரும் நினைவுபடுத்தவில்லை. குதிரைகளைப் பிடித்துப்போய்விட்டது. திரும்பி வந்தபோது எல்லோரும் கார் வாங்குவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தஞ்சாவூருக்குப் போய்க் கல்யாண ஊர்வலக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பெண் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நாலு சக்கரம் வாங்குவாருன்னு பாத்தா, நாலு காலு வாங்கிட்டு வந்து நிக்கிறாரு," என்று அவர் மனைவி ஆசியா தெருவுக்கே சொல்லிச் சிரித்தார்.

செம்பழுப்பு நிறம். இரண்டு காதுக்கும் கீழே தொங்கட்டான் மாதிரி வெள்ளைத் திட்டு இருந்ததால் ஜிமிக்கி என்று பெயர். ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆடப் பழக்கப்பட்டது. ஆனால் ஒரு கல்யாணத்தில் யாரோ காலடியில் சரவெடியைக் கொளுத்திப்போட, மாப்பிள்ளையோடு அடுத்த ஊர் எல்லைவரை ஓடியிருக்கிறது. பெண் வீட்டார் பைக்கில் துரத்திப் போய்த்தான் மாப்பிள்ளையை மீட்டு வந்தார்களாம். அதன் பிறகு ஜிமிக்கியை யாரும் கூப்பிடவில்லை.

காலை நேரங்களில் சித்தீக் அறுத்த வயல்களில் அதை ஓட்டுவார். அம்சம் ஒரு காலை இழுத்துக்கொண்டு மாடுகளின் பின்னால் அல்லாடுவதை ஆற்றங்கரையிலிருந்து மூன்று நாள் பார்த்தவர், நான்காம் நாள் இறங்கி வந்தார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். எங்க லாயத்துல அர்ஜென்டினாக்காரன் ஒருத்தன் இருந்தான். அவங்க ஊர்ல மாடு மேய்க்கிறதே குதிரை மேலதானாம். ஒரு ஆளு ஐந்நூறு மாடு பாப்பானாம்."

"அந்த ஊரு மாட்டுக்குக் குதிரையைத் தெரிஞ்சிருக்கும் பாய். நம்ம மாடு மாட்டுப் பொங்கலுக்குப் பலூனைப் பாத்தே மெரளும்."

"மாடு மெரளட்டும். அதுக்குத்தானே."

மிரண்டது எது என்பதைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

சேற்றைக் கழுவிக்கொண்டு வந்த சித்தீக் விடுவதாக இல்லை. அம்சத்துக்கும் வேறு வழி தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்தபடியே யோசித்துச் சொன்னாள்.

"பாய், புது மருமகளக் கூட்டிட்டு வந்து மொத நாளே அறுபத்து நாலு நாத்தனாருக்கு நடுவுல விட்டா ஓடாம என்ன செய்யும்? ஒண்ணே ஒண்ண மட்டும் கொண்டாரேன். அது கூடப் பழகட்டும்."

அவள் பொறுக்கியெடுத்தது அன்னத்தை. கூட்டத்திலேயே மூத்த பசு. பக்கத்தில் லாரி டயர் வெடித்தாலும் அசையாமல் அசைபோடும். அதை ஆற்றைக் கடந்து நடத்திப்போய், சித்தீக் வீட்டுத் தென்னந்தோப்பில் மூங்கில் வேலிக்கு இந்தப் பக்கம் கட்டினாள். அந்தப் பக்கம் ஜிமிக்கி. முதல் நாள் ஜிமிக்கி தோப்பின் கடைசி மூலையில் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கொள்ளு வைத்தால்கூடத் தின்னவில்லை. இரண்டாம் நாள் தின்றது, ஒரு கண் அன்னத்தின் மேலேயே இருந்தது. மூன்றாம் நாள் வேலிவரைக்கும் வந்து மூக்கை நீட்டியது. அன்னம் தன் சொரசொரப்பான நாக்கால் அந்த மூக்கை ஒரே இழுப்பாக நக்கியது. ஜிமிக்கி துள்ளிய துள்ளலில் மேலே காய்ந்துகொண்டிருந்த ஆசியாவின் துணிக்கொடி அறுந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்து மூக்கை நீட்டி நின்றது. வாரக் கடைசியில் இரண்டும் ஒரே வைக்கோல் போரை இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தின்றுகொண்டிருந்தன.

அடுத்த வாரம் வயலுக்கு வந்தார்கள். முன்னால் அன்னம், பக்கத்தில் அம்சம். இருபது அடி பின்னால் சித்தீக்கும் ஜிமிக்கியும். அன்னம் நடந்தால் ஜிமிக்கியை ஓரடி முன்னால் விடுவார். உடனே நிறுத்திக் கழுத்தைத் தட்டிக் கொடுப்பார். மறுபடி ஓரடி.

"எதுக்கு இப்படிப் பின்னாலயே வர்றீங்க?"

"எது தனக்கு முன்னால வெலகிப் போகுதோ, அது மேல குதிரைக்குப் பயம் விட்டுப்போயிடும் தங்கச்சி. தாந்தான் அதைத் தொரத்துறோம்னு நெனச்சுக்கும்."

"நெனச்சுக்கட்டும். எங்க ஊர்ல பாதி ஆம்பளைங்க அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் திரியறாங்க."

அரை மணி நேரம் ஆனதும் சித்தீக் இறங்கிவிடுவார். இப்போதுதானே சூடு பிடிக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே என்பாள் அம்சம். வேண்டாம் என்பார். "ஆசையா இருக்கும்போதே நிறுத்திடணும். அலுத்துப்போச்சுன்னா நாளைக்கு வராது." அம்சத்துக்கு அது பிடித்திருந்தது. அதுவரை அவள் பார்த்த எந்த வேலையையும், ஆசையாக இருக்கும்போது நிறுத்தும்படி யாரும் சொன்னதில்லை.

ஒன்று மூன்றானது, மூன்று பத்தானது. பங்குனி பிறந்தபோது ஜிமிக்கி காதை முன்னால் வைத்துக்கொண்டு மாடுகளின் பின்னால் தெம்பாக நடந்தது. அந்தத் தெம்பில்தான் சறுக்கியது. புதிதாக ஈன்றிருந்த செவலை என்ற பசுவின் கன்றுக்கு மிக அருகில் போய்விட்டது. செவலை தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து, ஜிமிக்கியின் தோளில் ஒரு முட்டு முட்டியது. கன்றிலேயே கொம்பைத் தீய்த்து வளரவிடாத மாடு என்பதால் காயமில்லை. ஆனால் ஜிமிக்கி நடுங்கிப்போய், அன்றைக்கு ஒரு மாட்டின் நிழலைப் பார்த்தால்கூடப் பின்வாங்கியது.

"அவ்வளவுதானா பாய்?" ஊர்க்கூட்டம் சொன்ன வார்த்தை அம்சத்துக்கு ஞாபகம் வந்தது.

"என்ன அவ்வளவுதான்? அன்னத்தக் கூட்டிட்டு வாங்க. திரும்பவும் மொதல்லேருந்து."

நான்கு நாள் அன்னத்தோடு நடந்தார்கள். ஐந்தாம் நாள் மறுபடி பத்து மாடு. அதற்கு இரண்டு நாள் கழித்து, காளியம்மன் கோயில் காப்புக் கட்டு மேளம் ஆற்றங்கரையோடு போனது. ஜிமிக்கிக்குப் பழைய உத்தியோகம் நினைவுக்கு வந்துவிட்டது. பத்து மாடுகளுக்கு நடுவில் நின்று, கழுத்தை வளைத்து, முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்தது. சித்தீக் என்ன சொல்லியும் கேட்கவில்லை. மேளம் மதகைத் தாண்டும்வரை ஆடி முடித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தது. மாடுகள் தாளை மென்றபடி முழு ஆட்டத்தையும் பார்த்தன.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. குதிரை பழகிவிட்டது, காரியம் நடக்கவில்லை. மயிலை நழுவும்போதெல்லாம் சித்தீக் ஒரு கணம் பிந்தியே போய்ச் சேர்ந்தார். அம்சம் தூரத்திலிருந்து கத்துவாள்: "பாய், அது சோத்தாங்கைப் பக்கம் திரும்பப் போவுது... ம், திரும்பிடுச்சு போங்க."

ஒரு நாள் அவர் குதிரையை அவளிடம் ஓட்டி வந்தார். "அது திரும்பறதுக்கு முன்னாடியே எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"திரும்பப் போற பக்கத்துக் காதுதான் மொதல்ல பின்னால போகும். அப்புறம் தோளு ஒரு சாய்ப்பு சாயும். நீங்க குதிரைக் காதையே பாத்துக்கிட்டு இருந்தா மாட்டுக் காது எங்க தெரியும்?"

சித்தீக் இறங்கி லகானை அவளிடம் நீட்டினார்.

"ஏறுங்க தங்கச்சி."

அம்சம் எல்லாக் காரணத்தையும் சொல்லிப் பார்த்தாள். வயசு, முட்டி, புடவை, ஊர் சிரிக்கும். முட்டிக்குத்தான் இது நல்லது என்றார் அவர். அன்று ராத்திரி தமிழ்நிலாவுக்குப் போன் போட்டாள். அவள் எதிர்முனையில் கத்திய கத்தலில் ஹாஸ்டலே கூடிவிட்டதாம். "அம்மா, என் டிராக் பேன்ட் பீரோவுல இருக்கு, போட்டுக்க. போட்டோ எடுக்காம ஏறுன, பேச மாட்டேன்."

மறுநாள் காலையில் மகளின் டிராக் பேன்ட்டும், நடவுக்குப் போகும்போது புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிற பகலவனின் முழுக்கைச் சட்டையுமாக வந்தாள். மதகுச் சுவரை ஒட்டிக் குதிரையை நிறுத்தினார் சித்தீக். சுவரிலிருந்து சேணத்துக்குக் காலை வீசியபோது அல்லா, மாரியாத்தா இருவர் பெயரும் ஒரே சமயத்தில் கேட்டன. கால் வைக்கிற அங்கவடியின் வாரை அவர் நீளமாக இறக்கிவிட்டார். "முட்டிய மடக்க வேணாம். கால் பாட்டுக்குத் தொங்கட்டும். வெரலு மட்டும் அதுக்குள்ள இருந்தாப் போதும்."

அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தாறு வருஷமாக அவள் மாடுகளின் வாலையும் விலாவையும்தான் பார்த்திருந்தாள். இப்போது முதுகு தெரிந்தது. அறுபத்து நான்கு முதுகும் ஒரே சமயத்தில் தெரிந்தன. அதற்கு அப்பால் கோரையாறு வளைகிற இடம், செங்கல் சூளையின் புகை, தியாகராசனின் உளுந்து, அதையும் தாண்டிப் பஸ் போகிற தார் ரோடு. எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன.

"என்ன தங்கச்சி, பேச்சக் காணோம்? பயமா?"

"இல்ல பாய். நம்ம ஊரு இம்புட்டுத்தானா?"

ஜிமிக்கிக்கும் மாற்றம் தெரிந்தது. மேலே இருப்பவளுக்கு எங்கே போக வேண்டும் என்று முன்னதாகத் தெரிந்திருந்தது. மயிலையின் காது மடங்கும்போதே அம்சத்தின் உடம்பு அந்தப் பக்கம் சாயும். உடம்பு சாயும்போதே ஜிமிக்கி கிளம்பிவிடும். ஓடத் தேவையே இல்லை. நாலு எட்டு வைத்துக் குறுக்கே போய் நின்றால், மயிலை ஏதோ வேறு வேலையாக வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பத்து நாளில் ஜிமிக்கி அதில் ருசி கண்டுவிட்டது. அம்சம் சாய்வதற்கு முன்பே காதைப் பின்னுக்கு வைத்து மயிலையை முறைத்தது.

சித்தீக் வீட்டில் குதிரையை விடுவதற்குப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்துக்குப் போகப் பெரிய தெருதான் வழி. முதல் சில நாள் அம்சம் தெரு முனையிலேயே இறங்கிக்கொண்டாள். ஒரு நாள் முட்டி நன்றாக வீங்கியிருந்தது, இறங்கவில்லை. சித்தீக் பக்கத்தில் நடந்து வர, டீக்கடையைத் தாண்டும்போது பெஞ்சிலிருந்து தியாகராசனின் குரல் வந்தது. நயமான குரல்தான்.

"ஏம்மா அம்சம், தெரு வரைக்கும் எறங்கி நடந்து வரப்படாதா?"

டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா இந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்.

"முட்டி வலிண்ணே," என்றாள் அம்சம். "டாக்டர் நடக்கக் கூடாதுன்னுட்டாரு."

குதிரை நிற்கவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்த பிறகுதான் லகானைத் தளரவிட்டாள்.

"நான் பயந்தது குதிரைக்குத் தெரிஞ்சிருக்குமா பாய்?"

"தெரிஞ்சுதான் அவ்வளவு மெதுவா நடந்துச்சு," என்றார் சித்தீக்.

சித்திரை வந்தது. உளுந்து பிடுங்கி அடித்தாகிவிட்டது. ஊரே தார் ரோட்டில் ஒரு பாதியை மறித்து உளுந்தைக் காயப்போட்டிருந்தது. அன்று சித்தீக்கும் ஆசியாவும் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அம்சம் தனியாகத்தான் குதிரையில் இருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்குத் தென்மேற்கில் ஒரு கருப்பு எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அணைந்தது. காற்று திசை மாறி வைக்கோல் துரும்பை அள்ளி வீசியது. மாடுகளை ஆற்றுப் பக்கம் திருப்பலாம் என்று அவள் நினைத்த நேரத்தில், தலைக்கு மேலேயே இடி விழுந்தது.

மயிலை வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அறுபத்து மூன்று மாடுகளும் அதன் பின்னால், அன்னம் உட்பட. நேரே ரோட்டைப் பார்த்து.

ரோட்டில் தியாகராசனும் அவர் மனைவியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் குனிந்து உளுந்தைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். காற்றில் தார்ப்பாய் படபடக்கிற சத்தத்தில் யாரும் நிமிரவில்லை.

சரவெடிக்கே மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய குதிரை, இடிக்கு என்ன செய்யும்? ஜிமிக்கியும் கிளம்பிவிட்டது. அம்சம் அதுவரை அப்படியொரு வேகத்தில் எதிலும் போனதில்லை. வரப்பு ஒன்று காலுக்கடியில் வந்து போனது தெரிந்தது. லகானைப் பிடித்து இழுக்கக் கை போனது. வெறிபிடித்து ஓடுகிற குதிரையை இழுத்து நிறுத்த முடியாது என்று சித்தீக் சொன்னது ஞாபகம் வந்தது. கையைத் தளர்த்திப் பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ஓடுவது என்று ஆகிவிட்டது. எங்கே ஓடுவது என்பதையாவது பார்ப்போம் என்று பார்த்தாள். இடப்பக்கம் மாடுகளின் முதுகுகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அன்னம் போனது, செவலை போனது. கடைசியாக மயிலையின் சாம்பல் முதுகு பக்கவாட்டில் வந்தது. அதையும் தாண்டியது ஜிமிக்கி.

அப்போது அம்சம் சாய்ந்தாள். உடம்பு முழுவதையும் இடப்பக்கம் போட்டாள்.

ஜிமிக்கியின் காதுகள் பின்னுக்குப் போயின. பயத்தில் ஓடிக்கொண்டிருந்த அதே குதிரை, தன் வேலையைக் கண்டதும் அரை வட்டமாக வளைந்து, மயிலையின் முகத்துக்கு நேராக நெஞ்சைக் கொண்டுபோய் வைத்தது. மயிலை முரண்டியது. ஜிமிக்கி பல்லைக் காட்டிற்று. மயிலை திரும்ப, பின்னால் வந்தவை திரும்ப, மடை மாற்றிய தண்ணீர்போலக் கூட்டம் மொத்தமும் வளைந்து வயலுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. ஓட்டம் நடையானது. மழை சட்டென்று கொட்டியது. அதற்குப் பிறகு மாடுகள் ஓடவில்லை. மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

ரோட்டுக்கு முப்பது அடி இருந்தது. தியாகராசன் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். அவர் மனைவி உளுந்துக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அம்சம் ஜிமிக்கியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மழையா கண்ணீரா என்று தெரியாமல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். குதிரையின் உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

"அடி ஏதும் படலியே?" என்று தியாகராசன் கத்தினார்.

"இல்லண்ணே. உளுந்து?"

"நனையல."

அவ்வளவுதான் பேசினார்கள். மறுநாள் காலையில் அவர் ஆற்றங்கரைக்கே வந்தார். குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தொடவில்லை.

"இந்த வருஷம் நம்ம கீழ வயல்ல கிடை போடு. நாலு ராத்திரி போதும்."

"ஆறு போட்டாத்தான் மண்ணு புடிக்கும்ணே."

"சரி, ஆறு."

மாட்டைக் கட்டிப்போடும் பேச்சு அதோடு போயிற்று. குதிரையில் தெருவுக்குள் வருவதைப் பற்றி தியாகராசன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. வேறு சிலர் இன்னும் பேசுகிறார்கள். குதிரை மேல் உட்கார்ந்திருந்தால் கீழே பேசுவது சரியாகக் காதில் விழுவதில்லை என்கிறாள் அம்சம்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. ஜிமிக்கி இப்போது பாதி நாள் ஆற்றுக்கு இந்தக் கரையில், அம்சத்தின் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. சித்தீக் இன்னொரு குதிரை பார்த்து வைத்திருக்கிறார். ஆசியாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. முழங்கால் வலி போய்விட்டதா என்றால் இல்லை. இப்போது இடுப்பும் சேர்ந்து வலிக்கிறது. ஆனால் அது வேறு வலி, கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்கிற வலி.

இந்தத் தையில் பகலவனின் மெஷினுக்கு உள்ளூரிலேயே வேலை வந்தது. அறுத்துக்கொண்டு அவர் முன்னால் போக, அறுத்த வயலுக்குள் மாடுகளை இறக்கிக்கொண்டு அம்சம் குதிரையில் பின்னால் வந்தாள். வரப்பு முனையில் மெஷினைத் திருப்பும்போது இரண்டு பேரும் பக்கம் பக்கமாக வந்தார்கள். அவர் மேலே தன் சீட்டில். அவள் மேலே தன் சேணத்தில்.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் நாம ஒரே ஒசரத்துல உக்காந்து பேசறோம்," என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார் பகலவன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் என்ன கொழம்பு?"

"நீங்கதான் சீக்கிரம் முடிச்சிட்டுப் போயி வைக்கணும்," என்று கத்திவிட்டு, அடுத்த வயலின் நெல்லை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த மயிலையின் பக்கம் சாய்ந்தாள் அம்சம்.